சூரியன் மாதிரியே இன்னொருத்தர்

"உலகத்துல ஒருத்தரை மாதிரியே ஏழு பேர் இருப்பாங்க"ன்னு வீட்டுல பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. பஸ்ல யாரோ நம்மளை உத்துப் பார்த்துட்டு, "நீங்க அந்த ஸ்டூடியோக்காரர் தம்பிதானே?"ன்னு கேட்கும்போது அது உண்மையா இருக்குமோன்னு தோணும். இன்னைக்கு எபிசோட்ல அதே கேள்வியை சூரியனை வச்சுக் கேட்கப் போறோம். சூரியன் மாதிரியே, அச்சு அசலா, இன்னொரு நட்சத்திரம் இருக்கா?

இருக்குன்னா என்ன, இல்லைன்னா என்ன, இதைத் தேடி என்ன ஆகப் போகுதுன்னு நீங்க கேட்கலாம். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ரொம்பப் பேர் சொல்ற பதில், "இன்னொரு பூமியைக் கண்டுபிடிக்கத்தான்." அதுவும் ஒரு காரணம்தான். ஆனா படிக்கப் படிக்க எனக்குப் புரிஞ்சது வேற. நம்ம சூரியனைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது ரொம்பக் கொஞ்சம். அதைத் தெரிஞ்சுக்கத்தான் அதோட ஜாடையில இருக்கிற மத்தவங்க நமக்கு வேணும்.

ரெண்டு நிமிஷம் பார்த்த டாக்டர்

சூரியனுக்கு வயசு சுமார் 460 கோடி வருஷம். இந்த நம்பர் மண்டையில ஏறாது, அதனால ஒரு கணக்கு வச்சுக்கலாம். 10 கோடி வருஷத்தை ஒரு வயசுன்னு எடுத்துப்போம். அப்போ சூரியனுக்கு இப்போ 46 வயசு. இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க, எபிசோட் முழுக்க இது வரும்.

மனுஷன் டெலஸ்கோப் வச்சு சூரியனைப் பார்க்க ஆரம்பிச்சது 1610 வாக்குல. அதாவது 400 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. நம்ம கணக்குப்படி 400 வருஷம்னா எவ்வளவு தெரியுமா? ரெண்டு நிமிஷம். 46 வயசு ஆளை ரெண்டே ரெண்டு நிமிஷம் பார்த்திருக்கோம். வானத்துக்குக் கருவிகளை அனுப்பி அளக்க ஆரம்பிச்ச காலத்தை மட்டும் எடுத்தா, அது சுமார் 20 செகண்ட்தான்.

இப்போ நீங்க ஒரு டாக்டர்னு வச்சுக்கோங்க. பேஷன்ட் உள்ளே வர்றார், ரெண்டு நிமிஷம் அமைதியா உட்கார்ந்திருக்கார். அதை வச்சு "இவர் கோபமே படாத மனுஷன்"னு எழுதிக் கொடுப்பீங்களா? சின்ன வயசுல எப்படி இருந்தார், 80 வயசுல எப்படி இருப்பார்னு சொல்ல முடியுமா? முடியாது.

ஆனா இதே டாக்டரை கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுல ரெண்டு நிமிஷம் நிறுத்திப் பாருங்க. அங்கே கைக்குழந்தை இருக்கும், காலேஜ் பசங்க இருப்பாங்க, தாத்தா பாட்டி இருப்பாங்க. அமைதியா உட்கார்ந்திருக்கிறவரும் இருப்பார், கண்டக்டர்கிட்ட சண்டை போடுறவரும் இருப்பார். யாரையும் பின்தொடர்ந்து போக வேண்டாம். அதே ரெண்டு நிமிஷத்துல மனுஷனோட மொத்த வாழ்க்கையும் ஓரளவுக்குப் புரிஞ்சுடும். விஞ்ஞானிகள் செய்றது இதுதான். சூரியனை மாதிரி இருக்கிற நட்சத்திரங்களை வேற வேற வயசுல தேடிப் பிடிச்சு வரிசையா நிக்க வைக்கிறாங்க.

யாரை ட்வின்னு சொல்லலாம்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன். ட்வின்னு சொன்னதும், சூரியன்கூடவே பிறந்த நட்சத்திரம்னு நினைச்சுடாதீங்க. சூரியன் தனியாப் பிறக்கலை, ஒரு பெரிய வாயு மேகத்துல நிறைய நட்சத்திரங்களோட சேர்ந்துதான் பிறந்திருக்கணும். அந்தக் கூட்டம் எப்பவோ கலைஞ்சு, பால்வெளி முழுக்க சிதறிப்போச்சு. அப்படிக் கூடப் பிறந்தவங்களை உடன்பிறப்புன்னு சொல்றாங்க. 2014-ல ஐவன் ராமிரெஸோட குழு, சூரியனோட உடன்பிறப்பா இருக்கலாம்னு ஒரு நட்சத்திரத்தை அடையாளம் காட்டினாங்க. பேரு ஹெச்டி 162826. சுமார் 110 ஒளியாண்டு தூரம். ஆனா அது சூரியனை விட 15 சதவீதம் எடை கூட. கூடப் பிறந்திருக்கு, ஜாடை வேற. ட்வின் அதுக்கு நேர் எதிர். கூடப் பிறக்கலை, ஆனா ஜாடை அப்படியே இருக்கு.

ஜாடையிலயும் மூணு படி இருக்கு. முதல் படி, சூரிய வகை நட்சத்திரங்கள், அதாவது பொதுவா சூரியன் சாயல்ல இருக்கிறவை. ரெண்டாவது படி இன்னும் நெருக்கமானவை, இவங்களை சூரிய ஒப்புன்னு சொல்லலாம். மூணாவது படிதான் ட்வின். வெப்பநிலை, மேற்பரப்புல இருக்கிற ஈர்ப்பு, உள்ளே கலந்திருக்கிற உலோகங்களோட அளவு, இந்த மூணும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். சூரியனோட மேற்பரப்பு 5772 கெல்வின், செல்சியஸ்ல சொன்னா சுமார் 5500 டிகிரி. ட்வின்னு சொல்லணும்னா இதுல இருந்து 100 டிகிரிக்கு மேல விலகக் கூடாதுங்கிறது வழக்கமா வச்சிருக்கிற அளவு.

ஒரு உதாரணம். நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற சூரிய வகை நட்சத்திரம் ஆல்ஃபா சென்டாரி ஏ. 4.4 ஒளியாண்டுதான். மே, ஜூன் மாசத்துல ராத்திரி தமிழ்நாட்டுல இருந்தே தெற்கு அடிவானத்துப் பக்கம் பளிச்சுன்னு தெரியும். ஆனா அது சூரியனை விட 10 சதவீதம் எடை கூட, வெளிச்சம் ஒன்றரை மடங்கு. பெரியப்பா பையன்னு சொல்லலாம், ட்வின்னு சொல்ல முடியாது.

அடுத்த சிக்கல், ஒப்பிடுறது எப்படி? ராத்திரி நட்சத்திரத்தைப் பார்க்கிற பெரிய டெலஸ்கோப்பை பகல்ல சூரியன் பக்கம் திருப்ப முடியாது, கருவி காலி. வேற கருவியில சூரியனை அளந்தா, தெரியிற வித்தியாசம் நட்சத்திரத்தோடதா, கருவியோடதான்னு சந்தேகம் வரும். இதுக்கு ஒரு அழகான வழி கண்டுபிடிச்சாங்க. வெஸ்டா, செரெஸ் மாதிரி சிறுகோள்கள் இருக்கு இல்லையா? அதுங்களுக்கு சொந்த வெளிச்சம் கிடையாது, சூரிய வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புது. ராத்திரியில அந்தச் சிறுகோளைப் பார்த்தா, டெலஸ்கோப்புக்குள்ள வர்றது சூரியனோட வெளிச்சம்தான். அதே ராத்திரி, அதே கருவி. முதல்ல சிறுகோள், அடுத்து நட்சத்திரம். ரெண்டு நிறமாலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கோடு கோடா ஒப்பிடலாம்.

தேளோட தலைக்கு மேல

இந்தத் தேடல்ல முக்கியமான பேரு, ஜியூசா கேரெல் த ஸ்ட்ரோபெல். பிரான்ஸ்ல வேலை பார்த்த விஞ்ஞானி. 1980-கள்ல இருந்தே நட்சத்திரம் நட்சத்திரமா எடுத்து சூரியனோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 1996-ல தன்னோட தேடலை எல்லாம் தொகுத்து ஒரு நீளமான கட்டுரை எழுதினாங்க. அப்போ வரைக்கும் கச்சிதமான ஒரு ட்வின் மாட்டலை.

அடுத்த வருஷமே மாட்டிடுச்சு. 1997-ல பிரேசில்ல இருந்து போர்ட்டோ டி மெல்லோ, டா சில்வான்னு ரெண்டு பேர், 18 ஸ்கார்ப்பியைப் பத்தி எழுதினாங்க. விருச்சிகத்துல இருக்கிற நட்சத்திரம், 46 ஒளியாண்டு தூரம். எடை, வெப்பநிலை, வெளிச்சம் எல்லாம் சூரியனுக்குச் சில சதவீதத்துக்குள்ளதான் வித்தியாசம்.

இதை நீங்களே தேடிப் பார்க்கலாம். ஜூன், ஜூலையில இருட்டின பிறகு தெற்கே பார்த்து நில்லுங்க. சிவப்பா ஒரு பிரகாசமான நட்சத்திரம் தெரியும். அதுதான் நம்ம பஞ்சாங்கத்துல வர்ற கேட்டை. கையை முழுசா நீட்டி முஷ்டியை மடக்கினா, அதோட அகலம் வானத்துல சுமார் 10 டிகிரி. கேட்டையில இருந்து மேல, உச்சிப் பக்கமா, ரெண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவா போனா 18 ஸ்கார்ப்பி இருக்கிற இடம். சென்னை, கோயம்புத்தூர் வெளிச்சத்துல வெறும் கண்ணுக்குத் தெரியாது. நல்ல இருட்டான ஊர்ல மங்கலா ஒரு புள்ளி தெரியலாம். பைனாகுலர் இருந்தா கவலை இல்லை.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் என்னன்னா, அங்கே யாராவது இருந்து நம்ம பக்கம் திரும்பிப் பார்த்தா, நம்ம சூரியனும் அவங்களுக்கு இதே அளவு மங்கலான புள்ளியாத்தான் தெரியும். மே மாசம் மண்டையைப் பிளக்கிற நம்ம வெயில், அங்கே பைனாகுலர் வச்சுத் தேட வேண்டிய ஒரு சின்னப் பொட்டு.

ஆனா ட்வின்னா எல்லாமே ஒண்ணா இருக்கும்னு இல்லை. சூரியன்ல கரும்புள்ளிகள் கூடிக் குறையிற சுழற்சிக்கு சுமார் 11 வருஷம் ஆகும். 18 ஸ்கார்ப்பிக்கு அது சுமார் 7 வருஷம்தான். முகம் ஒண்ணு, நாடித் துடிப்பு வேற.

குழந்தையும் தாத்தாவும்

சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். முதல்ல கைக்குழந்தை. ஈகே டிரகோனிஸ்னு ஒரு நட்சத்திரம், சுமார் 110 ஒளியாண்டு தூரத்துல. வயசு ஏறக்குறைய 10 கோடி வருஷம், நம்ம கணக்குல ஒரு வயசுக் குழந்தை. சூரியன் தன்னைத்தானே ஒரு சுத்து சுத்த 25 நாள் எடுத்துக்குது. இந்தக் குழந்தை மூணு நாளுக்குள்ள சுத்திடுது. வேகமா சுத்தினா காந்தப்புலம் பலமா இருக்கும், காந்தப்புலம் பலமா இருந்தா வெடிப்புகளும் பெருசா இருக்கும். 2021 கடைசியில வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வு, இந்த நட்சத்திரம் வெளியே வீசி எறிஞ்ச ஒரு பிளாஸ்மா மேகத்தைப் பதிவு பண்ணுச்சு. நம்ம சூரியன் வீசினதுல பெரிய மேகத்தை விட பத்து மடங்குக்கு மேல எடை. நம்ம பூமி புதுசா உருவான காலத்துல சூரியனும் இப்படித்தான் இருந்திருக்கும். சேட்டை பிடிச்ச குழந்தை!

அடுத்து தாத்தா. ஹிப் 102152. மகர ராசி பக்கம், 250 ஒளியாண்டு தூரம். 2013-ல இதோட வயசை 820 கோடி வருஷம்னு கணிச்சாங்க. நம்ம கணக்குல 82 வயசு. சூரியனோட ட்வின்தான், ஆனா பல தலைமுறை மூத்தவர்.

இந்தத் தாத்தா ஒரு பழைய மர்மத்தை விடுவிக்க உதவினார். அது லித்தியம். ஆமா, உங்க ஃபோன் பேட்டரியில இருக்கிற அதே லித்தியம்தான். சூரியன் உருவான காலத்துல இருந்து மாறாம இருக்கிற விண்கற்களை எடுத்து அளந்தா, அதுல இருக்கிற லித்தியத்தோட ஒப்பிடும்போது சூரியனோட மேற்பரப்புல கிட்டத்தட்ட 150-ல ஒரு பங்குதான் இருக்கு. மீதி எங்கே போச்சு? சூரியன் ஏதாவது விதத்துல விசித்திரமான நட்சத்திரமா? ஒரே ஒரு ஆளை மட்டும் பார்த்தா இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. பல வயசு ட்வின்களை வரிசையா நிறுத்தினதும் கிடைச்சுது. சின்ன வயசு ட்வின்கள்ல லித்தியம் நிறைய, நடுத்தர வயசுல குறைவு, இந்த 82 வயசுத் தாத்தாகிட்ட அதை விடக் குறைவு. லித்தியம் சுமார் 25 லட்சம் டிகிரியிலேயே அழிஞ்சுடும். நட்சத்திரத்தோட மேற்பரப்புல இருக்கிற சரக்கு வயசு ஆக ஆக மெதுவா உள்ளே இறங்கி, அந்தச் சூட்டுல எரிஞ்சு தீர்ந்துபோகுது. நமக்கு முடி கொட்டுற மாதிரிதான். சூரியனுக்கு நோய் ஒண்ணும் இல்லை, வயசாகுது, அவ்வளவுதான்.

வயசுன்னு சொன்னதும் இன்னொண்ணு. சூரியனோட வெளிச்சம் ஒவ்வொரு 100 கோடி வருஷத்துக்கும் சுமார் 10 சதவீதம் கூடிக்கிட்டே போகுது. மொத்த ஆயுசு ஏறக்குறைய 100 வயசுன்னு வச்சுக்கிட்டாலும், சூரியனுக்கு 56 வயசு ஆகும்போதே பூமி நம்மளை மாதிரி உயிர்களுக்குத் தாங்க முடியாத சூடு ஆகிடும். பயப்படாதீங்க, அதுக்கு இன்னும் 100 கோடி வருஷம் இருக்கு. இ.எம்.ஐ. கட்டித்தான் ஆகணும்.

பருப்பு குறைஞ்ச சாம்பார்

ஸ்கூல்ல நம்ம எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது, "சூரியன் ஒரு சராசரி நட்சத்திரம்." இது பாதிதான் உண்மை. பால்வெளியில நாலுல மூணு நட்சத்திரம் சிவப்புக் குள்ளர்கள், சூரியனை விட சின்னது, மங்கலானது. சூரியன் மாதிரி ஜி வகை நட்சத்திரங்கள் சுமார் 7 சதவீதம்தான்.

சரி, அந்த 7 சதவீதத்துக்குள்ளயும் நெருங்கின ட்வின்களை மட்டும் எடுத்துக்கிட்டா, அதுலயாவது சூரியன் சராசரியா? 2009-ல ஹோர்ஹே மெலெண்டெஸும் அவரோட குழுவும் 11 ட்வின்களை ரொம்பத் துல்லியமா அளந்து, சூரியனோட ஒப்பிட்டாங்க. சூரியன்ல இரும்பு, அலுமினியம், கால்சியம், டைட்டானியம் மாதிரி தனிமங்கள், கார்பன், ஆக்சிஜன் மாதிரி தனிமங்களோட ஒப்பிடும்போது, சுமார் 20 சதவீதம் வரைக்கும் குறைவா இருந்துச்சு. பிறகு பல மடங்கு பெரிய பட்டியலை வச்சுப் பார்த்தப்பவும் இதேதான். பெரும்பாலான ட்வின்கள்கிட்ட இந்தக் குறை இல்லை.

குறைஞ்சிருக்கிற தனிமங்களோட பட்டியலைப் பாருங்க. எல்லாம் சூட்டுலயும் சீக்கிரம் கெட்டியாகி, தூசியா, கல்லா மாறுற சரக்கு. சாம்பார்ல தண்ணி சரியா இருக்கு, புளி சரியா இருக்கு, பருப்பு மட்டும் குறையுது. பருப்பு எங்கே போச்சு? மெலெண்டெஸ் குழு சொன்ன பதில், பருப்பை முன்னாடியே எடுத்து வடை சுட்டாச்சு. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய்ங்கிற பாறைக் கோள்கள்தான் அந்த வடை. அதாவது நீங்க நின்னுக்கிட்டு இருக்கிற தரை, சூரியன்ல இருந்து காணாமப் போன அந்தச் சரக்கா இருக்கலாம்.

கேட்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது முடிவான பதில் இல்லை. வியாழன் சீக்கிரமாவே உருவாகி, வெளியே இருந்து வந்த தூசியை சூரியன் பக்கம் போக விடாம தடுத்திருக்கலாம்னு இன்னொரு விளக்கம் இருக்கு. நட்சத்திரத்தோட வயசு, அது பால்வெளியில எங்கே பிறந்துச்சுங்கிறதும் இந்தக் கணக்கை மாத்தும்னு சொல்றவங்களும் இருக்காங்க. வியாழன் கதைக்கு ஒரு சுவாரஸ்யமான துணை, ஹிப் 11915 என்கிற ட்வின். 2015-ல அதைச் சுத்தி, ஏறக்குறைய வியாழன் எடையில, வியாழன் மாதிரியே தள்ளி ஒரு கோள் இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. சூரியனுக்கு மட்டும் இல்லை, நம்ம குடும்ப அமைப்புக்கே ஒரு சாயல் வெளியே இருக்கு.

அந்த அமைதி நிஜமா?

இப்போ நம்ம எல்லாரையும் நேரடியா தொடுற கேள்விக்கு வர்றேன். அந்த டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்த பேஷன்ட் இருக்காரே, அவர் நிஜமாவே சாதுவா? இல்லை, நாம பார்த்த நேரத்துல மட்டும் அமைதியா இருந்தாரா?

நாம பார்த்ததுல பெரிய கோபம் 1859 செப்டம்பர் 1. இங்கிலாந்துல ரிச்சர்ட் கேரிங்டன் கரும்புள்ளிகளை வரைஞ்சுக்கிட்டு இருந்தப்போ, திடீர்னு வெள்ளையா ரெண்டு ஒளித் திட்டு தோணி, அஞ்சு நிமிஷத்துல மறைஞ்சுது. ஒரு நாள் கூட ஆகலை, பூமியோட காந்தப்புலம் ஆட்டம் கண்டுச்சு. தந்திக் கம்பிகள்ல தானா மின்சாரம் பாய்ஞ்சு, ஆபரேட்டர்களுக்கு ஷாக் அடிச்சுது. துருவப் பக்கம் மட்டுமே தெரியிற வண்ண ஒளி, கரீபியன் தீவுகள் வரைக்கும் தெரிஞ்சுது. அன்னைக்கு உலகத்துல இருந்த மின்சார வலைன்னா தந்தி மட்டும்தான். 1989 மார்ச்ல, அதை விடச் சின்ன ஒரு புயல் வந்துச்சு. கனடாவோட கியூபெக் மாகாணத்துல ஒன்றரை நிமிஷத்துல மின்சார வலை சரிஞ்சு, 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டுல இருந்தாங்க. இன்னைக்கு நம்ம ஜிபிஎஸ், சாட்டிலைட், கரண்ட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. உங்க உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, நம்ம வளிமண்டலம் பார்த்துக்கும். அடி விழுறது நாம நம்பிக்கிட்டு இருக்கிற கருவிகளுக்கு.

இதை விடப் பெருசா சூரியன் வெடிக்குமா? இங்கேதான் ட்வின்களும் அவங்க சொந்தக்காரங்களும் வர்றாங்க. 2009-ல அனுப்பின கெப்ளர் விண்வெளி டெலஸ்கோப், கோள்களைத் தேடுறதுக்காக லட்சத்துக்கும் மேல நட்சத்திரங்களை வருஷக்கணக்கா கண் கொட்டாம பார்த்துச்சு. அந்தத் தரவுல கோள்களைத் தவிர வேற ஒண்ணும் ஒளிஞ்சிருந்தது. 2012-ல ஜப்பான்ல ஹிரோயுகி மேஹாராவோட குழு, 83,000 சூரிய வகை நட்சத்திரங்களோட 120 நாள் பதிவைத் தோண்டி, 148 நட்சத்திரங்கள்ல 365 ராட்சத வெடிப்புகளைக் கண்டுபிடிச்சாங்க. ஒவ்வொண்ணும் நம்ம சூரியன்ல பதிவானதை விடப் பல மடங்கு பெருசு.

"அதெல்லாம் வேகமா சுத்துற சின்னப் பசங்க, நம்ம சூரியன் அப்படி இல்லை"ன்னு அப்போ ஒரு சமாதானம் இருந்துச்சு. 2024 டிசம்பர்ல இன்னொரு ஆய்வு வந்துச்சு. இந்த முறை வெப்பநிலை, பிரகாசம் எல்லாம் சூரியனோட நெருக்கமா இருக்கிற 56,450 நட்சத்திரங்கள். ஒவ்வொண்ணுக்கும் நாலு வருஷப் பதிவு. கூட்டிப் பாருங்க, 2.2 லட்சம் வருஷத்துக்கான சூரிய அனுபவம்! நம்ம 46 வயசுக் கணக்குல, பேஷன்ட்டை ரெண்டு நிமிஷம் பார்த்த டாக்டருக்கு இப்போ 19 மணி நேரம் கிடைச்ச மாதிரி. அதுல கிடைச்சது, 2,527 நட்சத்திரங்கள்ல 2,889 ராட்சத வெடிப்புகள். சராசரியா ஒரு நட்சத்திரத்துக்கு 100 வருஷத்துக்கு ஒரு தடவை.

நூறு வருஷத்துக்கு ஒண்ணுன்னா, நம்ம நானூறு வருஷத்துல நாலு வந்திருக்கணும். ஒண்ணு கூட வரலையே? இன்னொரு சாட்சியைக் கூப்பிடுவோம், மரங்கள். சூரியன்ல இருந்து பலமா துகள்கள் வந்து மோதினா, நம்ம காத்துல ஒரு வகைக் கார்பன் கூடும். அந்த வருஷத்து மர வளையத்துல அது பதிவாகும். 2012-ல ஃபூசா மியாகே, பழைய ஜப்பானிய செடார் மரங்கள்ல கி.பி. 774, 775 வாக்குல அப்படி ஒரு பெரிய தாவலைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்குப் பிறகு இன்னும் சில கிடைச்சுது. ஆனா ஆயிரக்கணக்கான வருஷத்துல ஒரு கைப்பிடி அளவுதான். நட்சத்திரங்கள் சொல்றது ஒரு கணக்கு, மரங்கள் சொல்றது வேற கணக்கு. ராட்சத வெடிப்பு வரும்போதெல்லாம் துகள் புயலும் சேர்ந்து வந்து பூமியை அடிக்கணும்னு கட்டாயம் இல்லை. அதனால ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கவும் வாய்ப்பு இருக்கு.

இன்னொரு ஆய்வு, 2020-ல வந்தது. வெப்பநிலை, வயசு, சுழற்சி எல்லாம் சூரியன் மாதிரி இருக்கிற 369 நட்சத்திரங்களைப் பார்த்தாங்க. சூரியனோட வெளிச்சம் சாதாரணமா 0.07 சதவீதம்தான் ஏறி இறங்குது. மத்தவங்க சராசரியா அதை விட அஞ்சு மடங்கு ஆடுறாங்க. கூட்டத்துல நம்ம ஆள் ரொம்ப அமைதி. ஆனா அதே ஆய்வுல, சுழற்சியைக் கண்டுபிடிக்க முடியாத 2,500-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் சூரியன் அளவுக்கே அமைதியா இருந்துச்சு. சூரியன் பிறவியிலேயே சாதுவா, இல்லை நாம பார்த்த இந்தக் காலத்துல மட்டும் ஓய்வெடுக்குதா? இதுதான் இப்போ நடக்கிற விவாதம்.

ரெண்டு நிமிஷத்தோட மதிப்பு

இந்த விவாதத்துக்கு நம்ம ஊர்ல இருந்தும் ஒரு நூல் போகுது. நட்சத்திரங்களுக்கும் சூரியன் மாதிரி சுழற்சி இருக்கான்னு 1966-ல கலிஃபோர்னியாவோட மவுண்ட் வில்சன்ல முறையா அளக்க ஆரம்பிச்சவர் ஆலின் வில்சன். அவர் பயன்படுத்தினது கால்சியம் தனிமம் நிறமாலையில விடுற ரெண்டு கோடுகள். காந்தப்புலம் பலமா இருந்தா அந்தக் கோடுகள்ல வெளிச்சம் கூடும். அதுக்கு முன்னாடி, 1957-ல, அதே கால்சியம் கோட்டை வச்சு வில்சனோட சேர்ந்து ஒரு முக்கியமான கண்டுபிடிப்பைச் செஞ்சவர் வைனு பாப்பு. அவர் 1960-ல கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு இயக்குநரா வந்தார். காவலூர்ல இருக்கிற டெலஸ்கோப் மையத்துக்கு இன்னைக்கு அவர் பேருதான். அந்தக் கொடைக்கானல்ல 1900-களோட ஆரம்பத்துல இருந்தே, கால்சியம் வெளிச்சத்துல சூரியனைப் படம் எடுத்து வச்சிருக்காங்க. தூரத்து நட்சத்திரத்தோட கால்சியம் கோட்டை நம்ம சூரியனோட ஒப்பிடணும்னா, சூரியனோட பழைய கணக்கு வேணும். அந்தக் கணக்குல பெரிய பகுதி, ஒரு மலை மேல, மேகம் விலகின காலை நேரங்கள்ல, ஒவ்வொரு தட்டா எடுத்துச் சேர்த்தது.

நம்ம கணக்குல அது 40 செகண்ட் கூட இல்லை. ஆனா ட்வின்களோட சொல்றதை சூரியனுக்குப் பொருத்திப் பார்க்க அந்தச் செகண்டுகள்தான் நம்ம கையில இருக்கு. 2023 செப்டம்பர்ல கிளம்பி, 2024 ஜனவரியில 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்ன ஆதித்யா எல்-1, அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கிட்டு இருக்கு.

முதல்ல கேட்ட கேள்விக்கு என் பதில் இது. சூரியன் மாதிரி இன்னொருத்தர் இருக்காங்க, நிறையவே இருக்காங்க. ஆனா அவங்களைப் பார்க்கப் பார்க்க, நம்ம சூரியன்ல கொஞ்சம் பருப்பு குறைவு, கொஞ்சம் அமைதி அதிகம்னு தெரியுது. அந்தக் குறைஞ்ச பருப்புல நாம நிக்கிறோமா, அந்த அமைதியில நாம வாழ்றோமாங்கிறது இன்னும் முடியாத கேள்வி.

அடுத்த ஜூன்ல ஊருக்குப் போனா, ராத்திரி மொட்டை மாடிக்கு ஏறுங்க. கேட்டையைக் கண்டுபிடிச்சு, ரெண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவா மேல போய், பைனாகுலர்ல 18 ஸ்கார்ப்பியைத் தேடிப் பாருங்க. கிடைச்சா எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன்.